கல்யாணக் கேக்கை வீட்டிலேயே செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆனி மாதம் முழுவதும் வந்த கடிதங்களில் கல்யாணக் கேக்கைப் பற்றியவையே அதிகம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குவதால் அவற்றுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டேன். முதற்கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கு வேண்டிய அடிப்படை விடயங்களும் அதிலேயே அடங்கியிருப்பதால் எல்லோரும் அதை முதலில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, ஆவணி மாதக் கடைசியில் எனக்குத் திருமணம். கோயிலில் தாலிகட்டு முடிந்ததும் அன்று மாலை மண்டபத்தில் வரவேற்பு. 250 பேரை அழைக்கிறோம். என் கல்யாணக் கேக்கை நானே செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பிறந்தநாள் கேக்குகள் பல செய்த பழக்கம் உண்டு. வீட்டில் 38 லீற்றர் மின் ஓவன் ஒன்று இருக்கிறது. மூன்றடுக்கில் பட்டர் ஐசிங் பூசிய கேக்கின் படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. மண்டபத்தில் ஏசி இல்லை. துணிந்து இறங்கலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: இறங்கலாம் மகள். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் கேக்கைச் செய்ய வேண்டாம். பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் முற்றாக உருகிவிடும். அதற்கு வெகுமுன்பே வடிவத்தை இழந்துவிடும். கச்சான் காற்று ஓயாத ஆவணி நாளில் நம்மூர்ப் பகல் வெப்பம் அந்த அளவைத் தொட்டு நிற்கும். மாலையில் கடற்காற்று வந்தாலும், 250 பேர் கூடிய மண்டபத்தில் வீடியோ விளக்குகளின் முன்னால் பட்டர் ஐசிங் பூசிய மூன்றடுக்கு, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்து சேருவதற்குள் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பொண்டன்ட் என்ற சீனி மாவைத் தகடாக விரித்துப் போர்த்தலாமே என்று நினைப்பீர்கள். பொண்டன்ட் உருகாது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள சீனியும் கிளிசரினும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கேக்கின்மேல் நம்முடைய கடலோரக் காற்று பட்டதும் நீர் முத்து முத்தாகக் கோர்த்துவிடும். என் தங்கையின் மகளுடைய கல்யாணத்துக்கு நான் அப்படி ஒரு கேக்கை முதல்நாள் இரவு முழுவதும் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றேன். அரை மணித்தியாலத்தில் மேற்பரப்பு பிசுபிசுத்து, சிவப்புப் பூவின் சாயம் வெள்ளையில் கோடு கோடாக இறங்கியது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அது மனத்தில் நிற்கிறது. ஆகவே பொண்டன்ட் போர்த்திய கேக்கைக் குளிரில் வைக்காதீர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது நம் நாட்டில் நெடுங்காலமாகக் கல்யாணத்துக்குச் செய்துவரும் றிச் கேக்கும் அதன்மேல் வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்துப் பூசும் றோயல் ஐசிங்கும்தான். இது பழைய முறை என்று சில பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். ஆனால் இந்த வெயிலுக்கும் வேலை நெருக்கடிக்கும் இதைப்போலப் பொருந்துகின்ற வேறொன்றை நான் காணவில்லை. இந்தக் கேக்கில் சீனியும் தோசியும் (சீனிப்பாகில் பதப்படுத்திய துண்டுகள்) உலர்பழமும் மிகுதியாக இருப்பதால், அவை நீரைத் தம்மோடு பிடித்துவைத்துக் கொள்கின்றன. பூஞ்சணம் வளர ஈரம் மிஞ்சுவதில்லை. அதனால் பல கிழமைகளுக்கு முன்பே செய்து வைக்கலாம், வைக்க வைக்கச் சுவையும் கூடும். கல்யாணத்துக்கு முதல்நாள் மணப்பெண் மருதாணிக் கையோடு முட்டை அடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கச்சான் காற்றும் இங்கே உங்களுக்குத் துணைதான்: பட்டரை உருக்குகின்ற அதே வறண்ட வெப்பம் றோயல் ஐசிங்கை விரைவாகவும் உறுதியாகவும் காயவைக்கும். மார்கழி, தை மழைக்காலத்தில் கல்யாணம் வைப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஐசிங் காய அவர்கள் இரண்டு மடங்கு நாட்களை ஒதுக்க வேண்டும்.

10 அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு நான் பாவிக்கும் அளவு இது. ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 400 கிராம், முட்டை மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 6. சுல்தானா 500 கிராம், பிளம்ஸ் 250 கிராம், பூசணித் தோசி 300 கிராம், சௌசௌ தோசி 250 கிராம், இஞ்சித் தோசியும் தோடம்பழத்தோல் தோசியும் 100 கிராம் வீதம், செரி 125 கிராம், கஜு 300 கிராம். இவற்றுடன் பிரண்டி கால் கோப்பை, தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர், வனிலா, கறுவா, ஏலக்காய், கராம்பு, சாதிக்காய்த் தூள். கஜுவுக்கும் தேனுக்கும் நாம் வெளியூரைப் பார்க்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு மணல் நிலத்துக் கஜுவை ஓட்டோடு வாங்கி உடைத்தவர்களிடமிருந்து எடுத்தால், பொதியில் வருவதைவிட எண்ணெய்ப்பசை நிறைந்ததாக இருக்கும்.

பழங்களையும் தோசிகளையும் பொடியாக வெட்டி, பிரண்டியில் ஊறவைத்து ஒரு கிழமை மூடிவையுங்கள். ரவையை நிறம் மாறாமல் மெல்ல வறுத்து, சூடு ஆறுவதற்கு முன் பட்டரோடு கலந்து வைத்தால் ஒவ்வொரு மணியிலும் நெய்ப்பசை ஏறும். கேக் வாயில் நறநறக்காமல் இருப்பது இந்த ஒரு படியில்தான் தங்கியிருக்கிறது. மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிர்நிறமாகும் வரை அடித்து ரவையோடு சேர்த்து, பிறகு பழம், கஜு, வாசனைப் பொருட்களைச் சேர்த்து, கடைசியில் நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை மெதுவாகக் கலந்துவிட வேண்டும். தட்டின் உட்புறத்தில் பத்திரிகைத் தாளை இரண்டு மடிப்பாகவும் அதன்மேல் எண்ணெய்க் கடதாசியையும் விரியுங்கள். நீண்ட நேரச் சூட்டில் கேக்கின் ஓரம் கருகாமல் காப்பது அந்தக் கடதாசிதான். 140 பாகையில் இரண்டரை மணித்தியாலம் கழித்துக் குத்திப் பாருங்கள். குச்சியில் பழப்பசை ஒட்டலாம், மாவாக எதுவும் ஒட்டக்கூடாது. சிறிய ஓவன்களின் திருகி காட்டும் எண்ணை நம்பமுடியாது. உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றை முதலில் வாங்கி, ஒருநாள் வெறும் ஓவனைச் சூடாக்கிப் பார்த்துவிடுங்கள்.

இனிக் கணக்கு. ஒன்றரை அங்குல நீளமும் ஓரங்குல அகலமுமாக வெட்டினால், ஓரம் கழித்து ஒரு தட்டில் 60 துண்டுகள் கிடைக்கும். வரமுடியாதவர்களுக்கும் அயலாருக்கும் சேர்த்து 300 துண்டு என்றால் ஐந்து தட்டு. மேடையில் வெட்டுவதற்கான கேக் ஆறாவது. உங்கள் ஓவனில் ஒருமுறைக்கு ஒரு தட்டுத்தான் செல்லும். ஆகவே சனிக்கிழமைகளில் இரண்டு வீதம் மூன்று கிழமையில் முடித்துவிடலாம். மின்தடை அறிவித்த நாளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பாதி வெந்த றிச் கேக்கை மறுபடி சூடாக்கி மீட்க முடியாது. ஒரே நாளில் முடிக்க விரும்பினால், பக்கத்துப் பேக்கரியில் பாண் எடுத்தபின் சூடு தணிந்து வரும் போறணையில் எல்லாத் தட்டையும் ஒன்றாக வைக்க அனுமதி கேட்கலாம். என் தாயார் காலத்தில் நத்தார் கேக்கும் கல்யாணக் கேக்கும் அப்படித்தான் வெந்தன. வெப்பம் சீராக இறங்குவதால் அந்தக் கேக்கின் பதமே தனி.

மேடைக் கேக்குக்கு மூன்று அடுக்கையும் கேக்காகவே செய்ய வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம் என்பதே என் எண்ணம். கீழடுக்கு 10 அங்குல வட்டத்தில் உண்மையான கேக்காக இருக்கட்டும். மேலே 8, 6 அங்குல ரெஜிபோம் நுரைப்பலகை வட்டங்களை வைத்து அதே ஐசிங்கைப் பூசுங்கள். பாரமில்லாத அடுக்குகள் மேலே நிற்பதால் தாங்குகுச்சி பற்றிய கவலை பெரிதாக இராது. கத்தியும் கைக்கு எட்டும் உயரத்தில் கீழடுக்கில்தான் இறங்கும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. 1858இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகளின் கல்யாணக் கேக்கில்கூட மேலடுக்குகள் கேக் அல்ல, சீனியால் ஆன வேலைப்பாடுதான். எல்லா அடுக்கும் கேக்காகவே இருந்த அரச கல்யாணக் கேக் 1882இல், மகாராணியின் இளைய மகன் லியோபோல்டின் திருமணத்தில்தான் வந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாளுக்கு முன் கேக்கின்மேல் சுடவைத்த ஜாம் தடவி, அரைத்த கஜுவும் ஐசிங் சீனியும் சம அளவில் சேர்த்து, சிறிது வெள்ளைக்கருவும் பாதாம் எசன்சும் விட்டுப் பிசைந்த மாவைப் போர்த்துங்கள். அழகுக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. இந்தப் படலம் இல்லாவிட்டால் பழத்தின் நிறமும் எண்ணெயும் வெள்ளை ஐசிங்கில் மஞ்சளாக ஊறிவரும். இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு றோயல் ஐசிங்கை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று மூன்று தரம் பூசுங்கள். மூன்றடுக்குக்கும் ஏறத்தாழ 3 கிலோ ஐசிங் சீனி போகும். ஒரு வெள்ளைக்கருவுக்கு 225 முதல் 250 கிராம் வரை, சில துளி தேசிப்புளியோடு. ஒவ்வொரு 450 கிராம் சீனிக்கும் ஒரு தேக்கரண்டி கிளிசரின் விட மறந்தால் கத்தி இறங்காது. பூ வேலைக்கான ஐசிங்குக்குக் கிளிசரின் வேண்டாம். பச்சை வெள்ளைக்கருவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடும் கேக்குக்கு மெரிங் பவுடரை (பதப்படுத்திய வெள்ளைக்கருத் தூள்) கரைத்துப் பாவிப்பதே நல்லது. கஜு மாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதை வெள்ளைக்கருவுக்குப் பதிலாகத் தேனும் பன்னீரும் விட்டுப் பிசையலாம். ஐசிங் கிண்ணத்தை எப்போதும் ஈரத்துணியால் மூடிவையுங்கள். கச்சானில் ஐந்து நிமிடத்தில் மேலே பொருக்குக் கட்டிவிடும்.

துண்டுகளை எண்ணெய்க் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடைக்கும் வேலையைக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாக, சித்தி, மாமி, மச்சாள்மாரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். எறும்புக்கு மருந்துக் கட்டி வைக்காதீர்கள். மேசைக் கால்களைத் தண்ணீர் நிரப்பிய சிரட்டைகளில் வைத்தாலே போதும்.

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா, என் தம்பியின் கல்யாணக் கேக்கை நான் செய்கிறேன். பெண் வீட்டார் சுத்த சைவம். முட்டையில்லாத கேக்கைச் செய்து மேலே வழமையான ஐசிங் பூசினால் சரிதானே? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: சரியல்ல; நீங்கள் கேட்டது மிகவும் நல்லதாயிற்று. றோயல் ஐசிங்கில் வெள்ளைக்கரு இருக்கிறது. கடைப் பொண்டன்ட் சிலவற்றில் ஜெலட்டின் சேர்ந்திருக்கும். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கேக் சைவமாக இருந்து பூச்சு அசைவமானால், நம்பிச் சாப்பிட்டவர்களுக்குச் செய்த பெருந்தவறாகிவிடும்.

கேக்குக்கு ஒரு டின்பால் (சீனி சேர்ந்த கெட்டிப் பால்), கோதுமை மா 250 கிராம், உருக்கிய பட்டர் 110 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, பால் ஏறத்தாழ 175 மில்லிலீற்றர் போதும். சோடாவும் வினாகிரியும் சேர்ந்ததும் வாயு எழுவதால், கலந்தவுடனே ஓவனுக்குள் வைக்க வேண்டும். இந்தக் கேக் றிச் கேக்கைப்போல நாட்கணக்கில் தாங்காது. முதல்நாள் செய்யுங்கள்.

பூச்சுக்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. கொண்டைக்கடலையை உப்பில்லாமல் அவித்து, அந்த நீரைக் கெட்டியாகும் வரை வற்றவைத்து ஆறவிட்டு அடித்தால் வெள்ளைக்கருவைப்போலவே நுரைக்கும். 2014இல் பிரான்சைச் சேர்ந்த ஜோயல் றோசெல் என்பவர் இதைப் பரிசோதித்து வெளியிட்ட பிறகே உலகெங்கும் பரவியது. ஒரு வெள்ளைக்கருவுக்கு இரண்டு மேசைக்கரண்டி நீர் என்று கொண்டு, ஐசிங் சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடியுங்கள். கடலை மணம் சில துளி தேசிப்புளியிலும் வனிலாவிலும் மறைந்துவிடும். காய்வதற்கு மட்டும் கூடுதலாக ஒரு நாள் கொடுங்கள்.

கேள்வி: என் மகளின் நிக்காஹ் வலீமா விருந்துக்கு றிச் கேக் செய்ய விரும்புகிறேன். பிரண்டி சேர்க்க முடியாது. சேர்க்காவிட்டால் கேக் பழுதாகிவிடும் என்கிறார்கள். (வாசகி, காத்தான்குடி)

பதில்: பழுதாகாது சகோதரி. கேக்கைக் காப்பதில் பெரும்பங்கு சீனிக்கும் தோசிக்கும் உரியது. பழங்களைத் தோடம்பழச் சாற்றில் போட்டு, சாறு முழுவதும் பழத்துக்குள் இறங்கும் வரை மெல்லிய நெருப்பில் கிளறி, ஆறியபின் தேன் கலந்து ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு கிழமை வெளியே ஊறவிட வேண்டாம். கேக்கை வலீமாவுக்கு இரண்டு கிழமைக்குள் செய்து, காற்றுப் புகாமல் சுற்றிக் குளிரில் வைத்துக்கொண்டால் போதும். எசன்ஸ் போத்தல்களின் பின்புறத்தையும் வாசியுங்கள். வனிலா எசன்ஸ் பலவற்றில் மதுசாரம் உண்டு, அதற்குப் பதிலாக வனிலாத் தூள் பாவிக்கலாம். ஜெலட்டின் பற்றி மேலே சொன்னதையும் கவனியுங்கள். ஹலால் முத்திரையுள்ள ஜெலட்டின் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, றோயல் ஐசிங்குக்கு அது தேவையே இல்லை.

கேள்வி: சீனிப் பூச் செய்யத் தெரியாது. முற்றத்துப் பூக்களையே கேக்கில் வைக்கலாமா? (வாசகி, காரைதீவு)

பதில்: எந்தப் பூ என்பதைப் பொறுத்தது, இதில் மட்டும் கவனக்குறைவு கூடவே கூடாது. கார்த்திகைப்பூ பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு கடும் நஞ்சு. அதன் எல்லாப் பாகத்திலும் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அலரி, எருக்கலை, நித்தியகல்யாணி, ஊமத்தை ஆகியவையும் நஞ்சுதான். கோயில் வாசலிலிருந்து பறித்து வந்து வைக்கத் தோன்றும் அலரியின் பால் ஐசிங்கில் இறங்கினால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ரோசா, மல்லிகை, செவ்வரத்தை, தாமரை இதழ் ஆகியவற்றை வைக்கலாம். ஆனால் மருந்து தெளிக்காத சொந்த முற்றத்துப் பூவாக இருக்க வேண்டும். கடையில் வரும் ரோசாவில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். காம்பை நேராகக் கேக்கில் குத்தாமல் சிறிய பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகியோ, அடியில் எண்ணெய்க் கடதாசி வைத்தோ அமையுங்கள். இந்த வெயிலில் செவ்வரத்தை மாலைக்குள் சுருண்டுவிடும். தாமரை மொட்டும் மல்லிகை மொட்டும் நின்று பிடிக்கும். வெள்ளை ஐசிங்கின்மேல் மல்லிகை மொட்டை மட்டும் சரமாகச் சுற்றிய கேக்கைவிட அழகான ஒன்றை நான் எந்த மண்டபத்திலும் பார்த்ததில்லை.

வெள்ளி, தங்க மணிகள் வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். "நச்சற்றது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது அலங்காரத்துக்கு. "உண்ணத்தக்கது" என்று எழுதியிருந்தால் மட்டுமே வாய்க்கு.

கேள்வி: அக்கரைப்பற்றில் செய்து மட்டக்களப்பு மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அடுக்கி முடித்துக் கொண்டுபோவதா, அங்கே போய் அடுக்குவதா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி, தம்பி, அங்கே போய் அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கையும் அதனதன் பலகையோடு தனிப் பெட்டியில் வைத்து, பெட்டிக்கடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். வானின் இருக்கையில் வைக்க வேண்டாம், அது சாய்வானது. தட்டையான தளத்தில் வைத்துப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து வரட்டும். பின்கண்ணாடி வழியே வெயில் நேராகப் படாதபடி துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பும் ஊதாவும் வந்துசேரும் முன்பே வெளுத்துவிடும். உண்மையான கேக்கையே மூன்றடுக்காக அடுக்குவதாயிருந்தால், கீழுள்ள ஒவ்வொன்றிலும் மேலடுக்கின் வட்டத்துக்குள் நான்கைந்து தாங்குகுச்சிகளை, ஐசிங் மட்டத்துக்குச் சரியாக வெட்டி இறக்கியிருக்க வேண்டும். ஒன்று அரை சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் மேலடுக்கு சாயும். கையோடு ஒரு கிண்ணம் ஐசிங், குழாய்ப் பை, சிறு கத்தி, ஈரத்துணி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அடுக்குகள் சந்திக்கும் இடத்தை மண்டபத்தில் நின்றபடியே மணிவரிசையால் மூடிவிடலாம், வழியில் உடைந்த மூலையையும் அதே ஐசிங்கால் ஒட்டிவிடலாம்.